மூன்று வாரமாகக் குரல் கம்மியவருக்கு இன்னொரு மாத்திரை வேண்டாம்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்



உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வாடிக்கையாளரைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஐம்பதைத் தாண்டிய ஆண். மில்லில் ஷிப்ட் முடிந்து வருகிறவராக இருக்கலாம், லாரி ஓட்டுகிறவராக இருக்கலாம், மாங்காய் மண்டியில் ஏலம் கூறுகிறவராகவும் இருக்கலாம். சட்டைப் பையில் பீடிக்கட்டு. "தொண்டை கட்டியிருக்கு அண்ணாச்சி, ஏதாச்சும் குடுங்க" என்று காற்று பாதியும் சத்தம் பாதியுமாகக் கேட்கிறார். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, சளிகூட இல்லை. மூன்று நாளைக்கு அசித்ரோமைசின், ராத்திரிக்கு ஒரு அலர்ஜி மாத்திரை, கொப்பளிக்க பீட்டாடின் என்று நீங்கள் கவரில் போட்டுத் தருகிறீர்கள். இரண்டு வாரம் கழித்து அதே குரலோடு திரும்பி வந்து, போன தடவை கொடுத்தது கேட்கவில்லை என்கிறார். கொஞ்சம் வீரியமாக வேறொன்று போகிறது. மூன்றாவது தடவை அவர் வரும்போது கடையில் கூட்டமாக இருந்தால் யாரும் அவரை ஒரு கேள்வியும் கேட்பதில்லை. இந்த மடலை டாக்டர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் அந்த மூன்றாவது தடவைதான்.

அவருக்கு இருப்பது சாதாரணத் தொண்டைக் கட்டாகவே இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் அது குரல் நாணில் தொடங்கிய புற்றுநோயாக இருந்துவிட்டால், இன்றைய மருத்துவத்தில் அதற்கு மிக நல்ல வழி உண்டு. கழுத்தைக் கிழிக்காமல், வாய் வழியாகவே உள்ளே போய், கெட்டுப்போன சதையை மட்டும் லேசரால் அரிந்து எடுத்துவிடுகிறார்கள். மனிதரும் பிழைக்கிறார், அவர் குரலும் தப்புகிறது. இந்த வழி தொடக்கத்தில் வருகிறவருக்குத்தான் திறந்திருக்கிறது. ஒருவர் தொடக்கத்தில் போய்ச் சேருகிறாரா, முற்றிய பிறகு போய்ச் சேருகிறாரா என்பதை முடிவு செய்வதில் சர்ஜனுக்குப் பங்கு குறைவு. அந்தப் பங்கு பெரிய அளவில் உங்கள் கவுண்டரில் இருக்கிறது. இதை நீங்கள் பழியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்களிடம் இருக்கும் ஒரு வாய்ப்பைத்தான் சொல்கிறேன்.

புற்றுநோய்களில் பலவும் சத்தமில்லாமல் வளர்ந்து, முற்றிய பிறகே தலையைக் காட்டும். குரல் நாணில் வருவது அப்படிப்பட்டதல்ல. ஆணின் குரல் நாண் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளம்தான். பேசும்போது இரண்டு நாண்களும் ஒன்றோடொன்று ஒட்டி, விநாடிக்கு நூறு தடவைக்கு மேல் அதிர்கின்றன. அந்த ஓரத்தில் ஓரிரு மில்லிமீட்டர் தடிப்பு வந்தாலே போதும், நாண்கள் சரியாக ஒட்டாது, இடைவெளியில் காற்று ஒழுகும், குரல் கரகரக்கும். கட்டி கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளருமுன்பே காதுக்குத் தெரிந்துவிடுகிறது. இன்னொரு சலுகையும் உண்டு. குரல் நாணில் நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு. அதனால் அங்கே தொடங்கிய நோய் கழுத்து நெறிக்கட்டிகளுக்குப் பரவ நாளாகும். குரல் நாணுக்கு மேலே, குரல்வளையின் மேல்பகுதியில் வரும் புற்றுநோய்க்கு இந்த இரண்டு சலுகையும் கிடையாது. விழுங்கும்போது உறுத்தல், ஒரு பக்கக் காதில் வலி, கழுத்தில் கட்டி என்று அது தெரியவரும்போது பெரும்பாலும் பரவியிருக்கும். ஆகவே உடம்பு இவ்வளவு முன்கூட்டிச் சொல்லியும் நாம் மாதக்கணக்கில் கேட்காமல் விட்டால், அதற்கு நோயைக் குற்றம் சொல்ல முடியாது.

தொடக்கத்திலேயே போய்ச் சேர்ந்தவருக்கு என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் "ஆபரேஷன்" என்ற சொல்லுக்கே நம் ஆட்கள் மிரளுகிறார்கள். முழு மயக்கம் கொடுத்து, தலையைப் பின்னால் சாய்த்து, உறுதியான உலோகக் குழாய் ஒன்றை வாய் வழியாகக் குரல்வளை வரைக்கும் இறக்குகிறார்கள். அது நகராமல் இருக்க ஒரு தாங்கியில் பொருத்திவிடுகிறார்கள். வெளியே மைக்ரோஸ்கோப், அதோடு இணைந்த கார்பன் டை ஆக்சைடு லேசர். மூச்சுக்குழாயில் இருக்கும் டியூபில் லேசர் பட்டுத் தீப்பிடித்துவிடாதபடி உப்புநீரில் நனைத்த துணித் துண்டுகளைச் சுற்றிலும் வைக்கிறார்கள். (சத்திரப்பட்டியிலும் சமுசிகாபுரத்திலும் தறியில் ஓடும் பேண்டேஜ் துணி ஆபரேஷன் தியேட்டர்களில் எதற்கெல்லாம் உதவுகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.) பிறகு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி நோய் தொட்ட பகுதியையும் அதைச் சுற்றி ஒரு மெல்லிய நல்ல ஓரத்தையும் அரிந்து எடுக்கிறார்கள். மேல்தோல் மட்டும் போதுமா, தசை வரை போக வேண்டுமா, முழு நாணையும் எடுக்க வேண்டுமா என்பது நோயின் ஆழத்தைப் பொறுத்தது. எடுத்த சதை பரிசோதனைக்குப் போகிறது. ஓரத்தில் நோய் மிச்சம் இருந்தால் திரும்ப ஒருமுறை எடுக்கலாம். கழுத்தில் தையல் இல்லை. பெரும்பாலும் தொண்டையில் ஓட்டை போட வேண்டிய தேவையும் வருவதில்லை. ஓரிரு நாளில் வீட்டுக்குப் போய்விடுகிறவர்களே அதிகம். பாஸ்டனில் ஸ்ட்ராங், ஜாக்கோ என்ற இரு மருத்துவர்கள் 1972-ல் இந்த முறையை எழுதிவைத்தார்கள். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் வோல்ஃப்காங் ஸ்டைனர் அதை வளர்த்தெடுத்தார். ஐம்பது வருடப் பழக்கம் உள்ள சிகிச்சை இது. நம் வேலூர் சி.எம்.சி.யிலும் மும்பை டாட்டா மெமோரியலிலும் செய்கிறார்கள்.

லேசர் ஒன்றுதான் வழி என்று நான் சொல்லவில்லை. நம் ஆட்கள் "கரண்ட் வைக்கிறது" என்று சொல்லும் கதிர்வீச்சும் தொடக்க நிலையில் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணப்படுத்துகிறது. இரண்டிலும் பத்துப் பேரில் ஒன்பது பேர் அளவுக்கு நோய் அந்த இடத்தில் அடங்குகிறது. மேலோட்டமான நோயில் குரலின் தரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆழமாக வெட்ட வேண்டிய நிலையில் கதிர்வீச்சுக்குப் பிறகான குரல் சிலருக்குக் கொஞ்சம் தெளிவாக இருக்கிறது. எது நல்லது என்று டாக்டர்களே இன்னும் விவாதிக்கிறார்கள். என் கணக்கு வேறு. கதிர்வீச்சு வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்தரை முதல் ஏழு வாரம் ஓடும். மம்சாபுரத்திலோ தளவாய்புரத்திலோ இருந்து ஒரு தினக்கூலிக்காரர் அத்தனை நாள் மதுரையில் அறை எடுத்துத் தங்கவோ, தினமும் பஸ்ஸில் போய்வரவோ முடியுமா? பாதியில் நிறுத்திவிட்டால் அந்தச் சிகிச்சையின் பலன் வெகுவாகக் குறைந்துவிடும். அதோடு, ஓரிடத்தில் ஒருமுறை முழு அளவு கதிர்வீச்சு கொடுத்துவிட்டால் அதே இடத்தில் திரும்பக் கொடுப்பது கடினம். லேசருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, பின்னால் தேவைப்பட்டால் கதிர்வீச்சும் கையில் இருக்கும். ஆகவே நம் வட்டாரத்து உழைப்பாளிக்கு லேசர் பொருந்தக்கூடும் என்பது என் எண்ணம். ஆனாலும் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது நோயாளியும் டாக்டரும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். நான் உங்களிடம் கேட்பது அதற்கு முந்திய கட்டம். இரண்டு வழியும் திறந்திருக்கும்போதே அவர் அங்கே போய் உட்கார வேண்டும்.

தாமதமாகப் போனவருக்கு என்ன மிச்சம் இருக்கிறது? குரல்வளையையே முழுசாக எடுத்துவிடுவது. 1873 டிசம்பர் 31 அன்று வியன்னாவில் பில்ரோத் என்ற சர்ஜன் முதன்முதலாகச் செய்த அறுவை அது; உயிரைக் காப்பாற்ற இன்றும் அது தேவைப்படுகிறது. அதன் பிறகு மூச்சு மூக்கு வழியாகப் போகாது, கழுத்தில் இருக்கும் துளை வழியாகத்தான் போகும். மூக்கு வடிகட்ட வேண்டிய தூசு வடிகட்டப்படாமல் நேராக நுரையீரலுக்குள் இறங்கும். ஸ்பின்னிங் மில்லில் பஞ்சுத் தூசி பறக்கும் புளோரூமிலோ கார்டிங்கிலோ நிற்கிறவருக்கு இது என்ன அர்த்தம் என்று நீங்களே யோசியுங்கள். மூச்சைப் பிடித்துக் கனமான சிப்பத்தைத் தூக்குவது சிரமம். வாசனை தெரிவது குறையும். கண்மாயில் இறங்கிக் குளிக்க முடியாது. குரலுக்கு மாற்று வழிகள் உண்டு. கழுத்தில் வைத்துப் பேசும் கருவி இருக்கிறது, உணவுக்குழாய் வழியாகப் பேசும் பயிற்சி இருக்கிறது, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே பொருத்தும் சின்ன வால்வும் இருக்கிறது. வெளிநாட்டு வால்வு ஆயிரக்கணக்கில் விலை என்பதால், பெங்களூரைச் சேர்ந்த புற்றுநோய் சர்ஜன் விஷால் ராவ் ஐம்பது ரூபாய் அளவில் "ஓம்" என்றொரு வால்வை உருவாக்கினார். குரலை இழந்த ஏழைகளுக்கு அவர் செய்தது பெரிய உதவி. ஆனால் மில்லில் ரிங் ஃபிரேம்கள் ஓடும் ஹாலில் தொண்டை கிழியக் கத்தினாலே பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. வால்வு வழியாக வரும் குரல் அங்கே எடுபடுமா?

முற்றிய நிலையிலும் குரல்வளையைக் காப்பாற்ற முடியும் என்று உங்களில் படித்தவர்கள் சொல்லக்கூடும். உண்மைதான். அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் 332 நோயாளிகளிடம் நடத்தி 1991-ல் வெளியிட்ட ஆய்வு அதைக் காட்டியது. முதலில் கீமோ, பிறகு கதிர்வீச்சு என்று போனவர்களில் 64 சதவீதம் பேருக்குக் குரல்வளை தப்பியது. உயிர்ப் பிழைப்பு இவர்களுக்கும், குரல்வளையை எடுத்துவிட்ட மற்றப் பிரிவினருக்கும் ஒன்றாகவே இருந்தது. அந்தக் கணக்கைத் திருப்பிப் படித்தால், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களுக்கு அத்தனை கஷ்டத்துக்குப் பிறகும் குரல்வளை மிஞ்சவில்லை. இரண்டு வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஆட்களே மிஞ்சவில்லை. தொடக்க நிலையின் கணக்கோடு இதை ஒப்பிடவே முடியாது.

பிறகு ஏன் தாமதம்? நம் ஊருக்கென்று சில சமாதானங்கள் இருக்கின்றன. ராஜபாளையத்தில் எந்தக் கரகரப்புக்கும் பஞ்சுத் தூசி காரணமாகிவிடுகிறது. மெஷின் சத்தத்தில் கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது என்பது இன்னொன்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேருக்குக் கோஷம் போட்டது, மார்கழிப் பனியில் திருப்பாவைக்குப் போனது என்று காரணம் கிடைக்கும். வாத்தியாருக்கு வகுப்பு, கண்டக்டருக்கு டிக்கெட், அரசியல்காரருக்கு மேடை. எதுவும் பொய்யில்லை. இவை எல்லாமே குரலைக் கெடுக்கும். ஆனால் இப்படிக் கெட்ட குரல் ஓய்வு கொடுத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் தேறிவிடும். தேறாத குரலுக்கு அந்தக் காரணத்தைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. முகாம்கள் நடக்கின்றனவே என்றும் நினைக்க வேண்டாம். அரசு நடத்தும் புற்றுநோய்ப் பரிசோதனை வாய், மார்பு, கர்ப்பப்பை வாய் ஆகிய மூன்றைத்தான் பார்க்கிறது. வாயைத் திறந்து டார்ச் அடித்தால் குரல் நாண் தெரியாது. அது நாக்கின் வேருக்கும் கீழே, மறைவில் இருக்கிறது. வாய் சுத்தம் என்று முகாமில் சொல்லி அனுப்பிவிட்டால், கம்மிய குரலோடு இருப்பவர் நிம்மதியாகப் பீடியைப் பற்றவைத்துக்கொள்வார். ஆக, இந்த நோயைப் பிடிக்க நம் வட்டாரத்தில் இருப்பது காது மட்டும்தான். தினமும் நூறு பேரின் குரலைக் கேட்கும் காதுகள் உங்களுடையவை.

"நாங்கள் டாக்டர் இல்லையே" என்பீர்கள். நோயைக் கண்டுபிடிக்கச் சொல்லி உங்களை நான் கேட்கவில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். உயிரோடிருக்கும் மனிதனின் குரல் நாண் அசைவதை முதன்முதலில் முறையாகப் பார்த்து எழுதிவைத்தவர் மருத்துவர் அல்ல. மானுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார். 1854-ல் பல் டாக்டரின் சின்னக் கண்ணாடி ஒன்றைத் தன் தொண்டைக்குள் வைத்து, இன்னொரு கண்ணாடியால் வெயிலைத் திருப்பிவிட்டுப் பார்த்தார். குரலைக் கவனித்தவர் என்பதுதான் அவருக்கு இருந்த பெரிய தகுதி. உங்களிடம் நான் எதிர்பார்ப்பது அதில் பாதிகூட இல்லை. எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்ற ஒரே ஒரு கேள்வி போதும்.

அடுத்த ஆட்சேபம் வியாபாரம். மாத்திரை இல்லை என்று சொன்னால் எதிர்க்கடைக்குப் போய்விடுவார் என்கிறீர்கள். போகலாம். அதனால்தான் ஒரு கடைக்காரருக்கு எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் எல்லாக் கடையிலும் ஒரே பதில் கிடைத்தால் அவர் எங்கே போவார்? நஷ்டம்தான் எவ்வளவு? ஒரு பட்டை மாத்திரை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வருடக்கணக்கில் உங்களிடமே மருந்து வாங்கும் குடும்பம், "அண்ணாச்சி சொல்லித்தான் போய்ப் பார்த்தோம்" என்று சொல்லிக்கொண்டு இன்னும் இருபது வருடம் உங்களிடம்தான் வரும்.

இந்த இடத்தில் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கொடுப்பதும், "சீக்கிரம் கேட்கும்" என்று ஸ்டீராய்டு மாத்திரையை இரண்டு நாளைக்குப் பிரித்துக் கொடுப்பதும் நம் ஊரில் நடக்காத காரியமா? இவை ஷெட்யூல் ஹெச்சில் வருபவை, சீட்டில்லாமல் விற்கக் கூடாதவை என்பது உங்கள் லைசென்ஸை விட உங்களுக்கு நன்றாகத் தெரியும். சட்டத்தை விடுங்கள், இந்த நோயில் அவை செய்யும் கெடுதலைப் பாருங்கள். ஸ்டீராய்டு சுற்றியுள்ள வீக்கத்தை வற்றவைக்கும். குரல் ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் தெளியும். ஆள் குணமாகிவிட்டதாக நம்பிவிடுவார். கட்டி அங்கேயே இருக்கும். அமெரிக்காவின் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டி, குரல்வளையைப் பார்க்காமல் குரல் கம்மலுக்கு ஆன்டிபயாடிக்கோ ஸ்டீராய்டோ வழக்கமாக எழுதிக் கொடுக்கக் கூடாது என்று டாக்டர்களுக்கே சொல்கிறது. நான்கு வாரத்தில் தேறாத குரலைக் கட்டாயம் உள்ளே பார்க்க வேண்டும், பீடி சிகரெட் பிடிக்கிறவராகவோ கழுத்தில் கட்டி உள்ளவராகவோ இருந்தால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம் என்பதும் அதில் இருக்கிறது. பிரிட்டனில் மக்களுக்குச் சொல்வது மூன்று வாரம். நம் ஊரில் பீடியும் சாராயமும் சேர்ந்தே போவதால், நான் மூன்று வாரத்தை எடுத்துக்கொள்கிறேன்.

"பெரும்பாலானோருக்கு ஒன்றும் இருக்காது, வீணாகப் பயமுறுத்துவானேன்?" என்ற கேள்வி நியாயமானது. அதற்குப் பதில், தொண்டைக்குள் கேமரா வைத்துப் பார்ப்பது புற்றுநோயை மட்டும் தேடுவதற்கல்ல. குரல்வளையில் காசநோய் வந்தாலும் குரல் இப்படித்தான் கம்மும். அப்படி வந்தவர் வீட்டிலிருக்கும் குழந்தைகளுக்கும் அது ஒட்டும். நெஞ்சுக்குள் இருக்கும் கட்டி குரல் நாணுக்குப் போகும் நரம்பை அழுத்தினாலும் குரல் போகும். தைராய்டு காரணமாகலாம். வெறும் முடிச்சாக இருந்தால் பேச்சுப் பயிற்சியிலேயே சரியாகிவிடும். எதுவாக இருந்தாலும் பார்த்தால்தான் தெரியும். காசநோயாக இருக்கும்பட்சத்தில் நீங்கள் கொடுக்கும் லிவோஃப்ளாக்சசின் அதை அரைகுறையாக அடக்கி, பரிசோதனையையே ஏமாற்றிவிடும். பரிசோதனை என்பது மூக்கை மரக்கச் செய்து, பென்சிலைவிட மெல்லிய குழாயை விட்டுச் சில நிமிடம் பார்ப்பது. வெட்டு இல்லை, படுக்கை இல்லை. பயமுறுத்த வேண்டிய அவசியமும் இல்லை. "புற்றுநோய்" என்ற சொல்லையே நீங்கள் எடுக்க வேண்டாம்.

"கத்தி பட்டால் பரவிவிடும்" என்பதை நீங்களும் உங்கள் வாடிக்கையாளர்களும் நூறு தடவை கேட்டிருப்பீர்கள். பயாப்ஸிக்குச் சதை எடுப்பதால் குரல்வளைப் புற்றுநோய் பரவுவதில்லை. நோய் முற்றிய பிறகே பலர் பயாப்ஸிக்குப் போகிறார்கள், அதன் பிறகு சீக்கிரம் இறக்கிறார்கள், பழி கத்தியின் மேல் விழுகிறது. தாமதம் என்ன செய்யும் என்பதற்கு அரண்மனையிலேயே சாட்சி உண்டு. ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் பிரெடெரிக்குக்கு 1887 தொடக்கத்தில் குரல் கம்மியது. ஜெர்மன் டாக்டர்கள் புற்று என்று சந்தேகித்து அறுவைக்குத் தயாரானார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த தொண்டை டாக்டர் மெக்கன்சி சதை எடுத்துக் கொடுத்தார்; பெயர் பெற்ற நோயியல் அறிஞர் விர்க்கோ அதில் புற்று இல்லை என்றார்; அறுவை நின்றது. நவம்பரில் புற்றுதான் என்று உறுதியானது. 1888 மார்ச்சில் சக்கரவர்த்தியாகி, பேச முடியாமல் சீட்டில் எழுதிக் காட்டி ஆண்டு, 99 நாளில் ஜூன் 15 அன்று இறந்தார். அன்றைய அறுவை அவரைக் கொன்றிருக்கவும் கூடும் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் காலம் அப்படி. நாம் இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். ஒரு பரிசோதனை சரி என்று வந்த பிறகும் குரல் தேறாவிட்டால், திரும்பவும் பார்க்க வேண்டும். "போன வருசம் பார்த்தாச்சு, ஒண்ணுமில்லன்னுட்டாங்க" என்று ஒருவர் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

செலவும் தூரமும் சின்ன விஷயமில்லை. ஆனால் முதல் பரிசோதனைக்கு மதுரை போக வேண்டும் என்பதில்லை. நம் இரண்டு ஊர்களிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது, அங்கிருந்தே தொடங்கலாம். மேற்கொண்டு போக வேண்டி வந்தால், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை ஏறத்தாழ 75 கிலோமீட்டர். அரசு ராஜாஜி மருத்துவமனையும், பாலரெங்காபுரத்தில் அதன் புற்றுநோய் சிகிச்சை மையமும் அங்கே இருக்கின்றன. தெற்கே திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அந்த அட்டை வீட்டுப் பீரோவில் இருந்தும் அதைப் பற்றித் தெரியாதவர்கள் உங்கள் கடைக்குத்தான் வருகிறார்கள். சந்தேகமானால் 104-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். குரல்வளையை எடுத்த பிறகு வேலையும் போய் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தின் செலவோடு ஒப்பிட்டால் ஒரு பஸ் டிக்கெட் பெரிதல்ல.

கடைசியாக ஒரு அவநம்பிக்கை: லேசர் வைத்தாலும் குரல் பழையபடி வராதாமே, பிறகு எதற்கு? சிலருக்குப் பழையபடி வராதுதான். ஆழமாக எடுத்திருந்தால் கொஞ்சம் கரகரப்பு தங்கிவிடும், உச்சஸ்தாயி ஏறாது. ஆனால் அது அவருடைய சொந்தக் குரல். போனில் பேசினால் பேரப்பிள்ளைக்கு அடையாளம் தெரியும். 1967 ஜனவரி 12 அன்று குண்டு பாய்ந்த பிறகு எம்.ஜி.ஆரின் குரல் முன்போல் இல்லை. அந்தக் குரலோடுதான் அவர் நடித்தார், மேடையேறினார், பத்து வருடம் ஆண்டார். உடைந்த குரலைக் கேட்க மாட்டோம் என்று தமிழ்நாட்டில் யாரும் சொன்னதில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். குரல் கம்மியிருக்கிறது என்று யார் வந்தாலும், எத்தனை நாளாக என்று கேளுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் என்றால் மாத்திரை கொடுக்காமல், காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய்க் கேமரா வைத்துப் பார்க்கச் சொல்லி, ஒரு துண்டுச் சீட்டில் அன்றைய தேதியை எழுதிக் கொடுங்கள். பீடி பிடிக்கிறவர் என்றால், விட விரும்புகிறாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்; நிக்கோட்டின் சூயிங்கம் உங்கள் அலமாரியிலேயே இருக்கிறது. உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சேத்தூர், சத்திரப்பட்டி, வத்திராயிருப்பு எல்லாக் கடைகளுக்கும் பொதுவாக ஒரு முடிவு எடுங்கள். கூட்டம் கூடும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒரு அட்டையில் பெரிய எழுத்தில், "குரல் கம்மி மூன்று வாரம் ஆகிவிட்டதா? மருந்து கேட்காதீர்கள், தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்" என்று எழுதி, பணம் வாங்கும் இடத்துக்கு மேலே இந்த வாரமே மாட்டிவிடுங்கள்.